அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு: படிவத்தைத் திறப்பதற்கு முன்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், வயது 39. போன மாதம்தான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 64. கும்பகோணத்தில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். இருவருக்கும் 2029 வரை டூரிஸ்ட் விசா இருக்கிறது. தங்கைக்கு 27, சென்னையில் வேலை பார்க்கிறாள், வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தம்பி கோயம்புத்தூரில், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள். எல்லோரையும் இங்கே அழைத்துக்கொள்ள ஆசை, எங்கிருந்து தொடங்குவது? "விசிட்டுக்கு வரவழைத்து இங்கேயே போட்டுவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. என்னுடையதில் என் பெயரே இல்லை, அம்மாவின் பெயரும் வேறு மாதிரி இருக்கிறது. என் கணவர் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார். மாமியாருக்கும் நானே சேர்த்துப் போடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

முதலில் வாழ்த்துகள். உறுதிமொழி எடுத்த கையோடு எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: உறவினருக்காகப் போடும் மனுவான ஐ-130 படிவத்தை இணையத்தில் திறந்து, முதல் இரண்டு பக்கத்தை நிரப்பி, பிறப்புச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் நின்றுபோய், எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நின்றது நல்லதுதான். படிவம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். யார் யாருக்கு மனு போடுவது, எந்த வரிசையில், அதனால் ஊரில் இருப்பவர்களின் வாழ்க்கையில் எது மாறும் என்பதைத்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் அவர்களையே வைத்துக்கொண்டு. உங்கள் கடிதத்தில் எட்டு பேருக்கு ஆசைப்பட்டிருக்கிறீர்கள், அந்த எட்டு பேரில் யாரிடமாவது கேட்டீர்களா என்று ஒரு வரிகூட இல்லை.

சரி, சட்டம் உங்கள் குடும்பத்தை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 21 வயது முடிந்த அமெரிக்கக் குடிமகளின் பெற்றோர் "நெருங்கிய உறவு" என்ற வகையில் வருகிறார்கள். கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர்தான் இந்த வகை. இவர்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, வரிசையும் கிடையாது. காகிதம் நகரும் நேரம்தான் காத்திருப்பு. மற்ற உறவுகளெல்லாம் எஃப்1 முதல் எஃப்4 வரை உள்ள வரிசைகளில் நிற்க வேண்டும். தம்பியும் தங்கையும் உங்கள் வழியாக வந்தால் எஃப்4, அதாவது கடைசி வரிசை. அதற்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசா, எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமியார், மாமனார், ஒன்றுவிட்ட சகோதரர்கள் யாரும் எந்த வகையிலும் இல்லை. ஆக மாமியாருக்கு நீங்கள் மனு போட முடியாது. உங்கள் கணவர்தான் போட வேண்டும், அவரும் சிட்டிசன் ஆன பிறகுதான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்கும் திருமணமாகாத பிள்ளைகளுக்கும் போடலாமே தவிர பெற்றோருக்குப் போட முடியாது. அவருக்கு கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டு முடிய 90 நாள் இருக்கும்போதே குடியுரிமை விண்ணப்பமான என்-400-ஐத் தாக்கல் செய்யலாம், அந்தத் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: இது கூட்டு டிக்கெட் இல்லை. அப்பாவுக்கு ஒரு ஐ-130, அம்மாவுக்கு ஒரு ஐ-130, தனித்தனியாகப் போட வேண்டும், தனித்தனியாகக் கட்டணமும் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் மாற்றியமைத்த கட்டணப்படி இணையத்தில் போட்டால் ஒரு மனுவுக்கு 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. அப்பாவுக்குப் போட்ட மனுவில் அம்மா தானாக ஒட்டிக்கொண்டு வர முடியாது. அவர்களோடு சேர்த்துத் தங்கையையும் கொண்டுவர முடியாது, அவளுக்கு 15 வயதாக இருந்திருந்தாலும் முடியாது. நெருங்கிய உறவு வகைக்கு வரிசை இல்லை என்பது சலுகை. கூட யாரையும் அழைத்து வர முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இனி தங்கை. இங்கேதான் நிறைய குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவளுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நீங்கள் அக்காவாக இப்போதே எஃப்4 போடுவது. 2025 இறுதியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டினைப் பார்த்தால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எஃப்4 வரிசை 2006-ல் மனு போட்டவர்களிடம் நின்றது. அதாவது அப்போது விசா வாங்கியவர்கள் பத்தொன்பது ஆண்டுக்கு முன் மனு போட்டவர்கள், இன்று போடுகிறவர் அதைவிடக் குறைவாகக் காத்திருப்பார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. இதில் ஒரே நல்ல விஷயம், அவள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், மனு அப்படியே உயிரோடு இருக்கும். நேரம் வரும்போது கணவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சேர்ந்தே வரலாம்.

இன்னொரு வழி, அப்பா கிரீன் கார்டு வாங்கி இங்கே வந்த பிறகு, அவர் தன் திருமணமாகாத மகளுக்கு எஃப்2பி போடுவது. அந்த வரிசை அதே காலத்தில் 2016-ல் இருந்தது. கேட்டவுடனே "அட, பாதிதானே" என்று தோன்றும். ஆனால் நன்றாகப் படியுங்கள்: திருமணமாகாத மகள். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் திருமணமான மகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வகையே கிடையாது. அப்பா கிரீன் கார்டில் இருக்கும்போது அவள் கழுத்தில் தாலி ஏறினால் மனு அன்றைக்கே செத்துப்போகும். பிறகு விவாகரத்து ஆனாலும் பழைய மனு உயிர் பெறாது. அப்பா ஐந்து ஆண்டு முடித்து சிட்டிசன் ஆகிவிட்டால் கதை வேறு; அதன் பிறகு திருமணம் செய்தால் மனு சிட்டிசனின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்3 வரிசைக்கு மாறும், பழைய தேதி கையில் இருக்கும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா வந்து சேர 2027 என்று வைத்துக்கொள்வோம், அப்போது மனு போட்டால் இன்றைய வேகத்திலேயே அவள் முறை வருவதற்கு 2036 ஆகும், அவளுக்கு வயது 37-ஐத் தாண்டியிருக்கும், அதுவரை கல்யாணம் கூடாது. ஒரு குடியேற்ற வகைக்காக 27 வயதுப் பெண்ணின் திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனது வராது. நல்ல வரன் வந்து அவளுக்கும் பிடித்திருந்தால் முடித்துவிடுங்கள். எஃப்4 மனு வேண்டுமானால் போட்டு வையுங்கள், 625 டாலருக்கு ஒரு நீண்ட கால இருக்கை, அவ்வளவு மதிப்புதான் அதற்கு. மாப்பிள்ளை வீட்டாரிடம் "பெண்ணுக்கு அமெரிக்காவுக்குப் போட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வாக்கியம் பின்னால் படுத்தும் பாட்டை நிறைய பார்த்தாகிவிட்டது. அவளுக்கு உண்மையிலேயே இங்கே வர ஆசை இருந்தால் அவளுடைய சொந்த வேலை வழியாக எச்-1பி, எல்-1 என்று பார்ப்பதுதான் வேகமான பாதை. அந்த இரண்டு விசாவுக்கும் நிலுவையில் இருக்கும் குடியேற்ற மனு தடையில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, யாரும் நேராகக் கேட்பதில்லை, சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள்: "கோயிலில் தாலி கட்டியாச்சு, ஆனால் ரிஜிஸ்டர் பண்ணலை, அப்போ கல்யாணம் ஆகாத கணக்குதானே?" இல்லை. சடங்கு முறைப்படி நடந்த இந்துத் திருமணம் பதிவு செய்யாவிட்டாலும் திருமணம்தான், அமெரிக்க அதிகாரியும் அப்படித்தான் பார்ப்பார். மறைத்து வாங்கிய கிரீன் கார்டு பத்து வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தின்போது மூத்த பிள்ளையின் பிறந்த தேதியில் மாட்டிக்கொள்ளும்.

தம்பிக்கும் எஃப்4தான், அதே வரிசைதான். ஆனால் அவன் பிள்ளைகளுக்கு இப்போது 9, 6. இருபது ஆண்டு கழித்து 29, 26. கூட வரும் பிள்ளைகள் 21 வயதுக்குள் இருக்க வேண்டும். மனுவை முடிவு செய்ய அரசு எடுத்துக்கொண்ட காலத்தை வயதிலிருந்து கழிக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் 2002 முதல் இருக்கிறது, அது சில ஆண்டுகளைக் கொடுக்கும், உங்கள் மருமகனையும் மருமகளையும் காப்பாற்றும் அளவுக்குக் கொடுக்கும் என்று நான் எண்ணவில்லை. அப்போது ஐம்பதைத் தாண்டிய தம்பி, வளர்ந்த பிள்ளைகளைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு மனைவியோடு நியூ ஜெர்சிக்கு வருவானா? வரலாம், வராமலும் போகலாம். "பிள்ளைங்க படிப்புக்காக" என்று நினைத்துப் போடுவதாக இருந்தால் அது நடக்காது என்று அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, விசிட்டில் வரவழைத்து இங்கேயே போடும் யோசனை. அந்த நண்பர் பொய் சொல்லவில்லை, அப்படி கிரீன் கார்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். முறையாக விசாவில் நுழைந்த பெற்றோர், உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தைப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பேத்தியைப் பார்க்க வந்த இடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஊருக்குத் திரும்பினால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்போது முடிவெடுத்தால் அது நேர்மையான வழி. திட்டம் போட்டே வரும்போதுதான் பிரச்சினை. நூவர்க் விமான நிலையத்தில் அதிகாரி "எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள்?" என்று கேட்பார். அப்பா "மகளைப் பார்க்க, இரண்டு மாதம்" என்று சொல்வார், பெட்டியில் வீட்டுப் பத்திரமும் எல்லா மருத்துவ ஃபைலும் இருக்கும், கும்பகோணம் வீடு வாடகைக்கு விட்டாகியிருக்கும். அது தவறான தகவல் கொடுத்து நுழைந்தது என்று ஆகிவிட்டால் ஆயுள் முழுக்கத் தடை. அந்தத் தடைக்கு மன்னிப்பு கேட்க வேண்டுமானால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவனோ மனைவியோ பெற்றோரோ இருக்க வேண்டும். சிட்டிசன் மகள் இருப்பது அந்தக் கணக்கில் சேராது. அதாவது உங்கள் அப்பாவுக்கு மன்னிப்பு கேட்கக்கூட வழியிருக்காது. ஆறு மாதம் மிச்சம் பிடிக்க இவ்வளவு பெரிய பணயம் எதற்கு?

செலவும் குறைவில்லை. ஐ-485 ஒருவருக்கு 1,440 டாலர், ஐ-130 கட்டணம் தனி. மனு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எழுபது வயதுக்காரருக்கு ஊரில் அண்ணன் இருப்பார், அக்கா இருப்பார், ஒரு துக்கச் செய்தி வந்தால் கிளம்ப முடியாமல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குக் கொடுமை. என் கருத்தைக் கேட்டால், அவர்கள் தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், மனு இங்கிருந்து போகட்டும், நேர்காணல் இந்தியாவில் நடக்கட்டும்.

அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் உங்கள் மனுவைப் பெற்றதற்கு ரசீது அனுப்பும். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். ஒப்புதல் ஆனதும் ஃபைல் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே ஒருவருக்கு 325 டாலர் விசா கட்டணம், ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பம், ஆவணங்கள் பதிவேற்றம். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்ன பிறகு மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். டூரிஸ்ட் விசாவுக்குச் சென்னைக்குப் போன பழக்கத்தில் இதற்கும் சென்னை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு முன் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் போலீஸ் சான்றிதழ், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. நம் ஊர் பெரியவர்கள் பலருக்கு எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு நுரையீரலில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது; சந்தேகம் வந்தால் சளி மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள், அதற்கு எட்டு வாரம் ஆகும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நேர்காணலுக்கு அடுத்த வாரம் விமான டிக்கெட் எடுத்து வைப்பவர்கள் இதில்தான் பணத்தை விடுகிறார்கள்.

இந்த இடைக்காலத்தில் அவர்கள் டூரிஸ்ட் விசாவில் வந்து போகலாமா என்று கேட்பீர்கள். விசா ரத்தாகாது, வரலாம். ஆனால் குடியேற்ற மனு நிலுவையில் இருப்பது எல்லை அதிகாரிக்குத் திரையில் தெரியும், திரும்பிப் போவீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் ஊரில் இருக்கும் வீடும் பென்ஷனும் அதற்குச் சாட்சி. உள்ளே விடுவதும் விடாததும் அவர் முடிவு. பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் தலைவலிக்கு வருகிறேன், பெயர்கள். அம்மாவுக்கு மனு போட உங்கள் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் அம்மா பெயரும் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் போட இரண்டு பெற்றோர் பெயரும் இருக்க வேண்டும், அதோடு அவர்களின் திருமணச் சான்றிதழும் வேண்டும். அமெரிக்க அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. உங்கள் சான்றிதழில் அப்பா "ராமசாமி", பாஸ்போர்ட்டில் "கோவிந்தன் ராமசாமி", பென்ஷன் புத்தகத்தில் "ஜி. இராமசாமி" என்று இருந்தால் அவர் பார்வைக்கு மூன்று ஆள். அம்மா பதிவேட்டில் "பட்டு", பாஸ்போர்ட்டில் "பட்டம்மாள்". நீங்களோ கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு காகிதம் வேண்டும்: உங்கள் பெயர் மாற்றத்துக்குத் திருமணச் சான்றிதழ் அல்லது குடியுரிமைச் சான்றிதழ், அம்மாவுக்கு "இரு பெயரும் ஒருவரே" என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், கூடவே இரண்டு பெயரும் வருகிற பழைய ஆவணம் ஏதாவது. பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்து மற்ற கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று வந்துவிடும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம், பிறகு வங்கிக் கணக்கிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை அதுதான் அவர் பெயர். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் மனு போடுவதற்கு முன்பே பெயரைப் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் சான்றிதழில் பெயர் இல்லை என்றீர்கள். நம் காலத்தில் மருத்துவமனையிலிருந்து பதிவு போகும்போது "பெண் குழந்தை" என்று மட்டும் போகும், பிறகு பெயர் சேர்க்க யாரும் போகமாட்டார்கள். பதிவான நகராட்சியில் பெயர் சேர்க்க முடியுமா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அதைவிடச் சுத்தமான வழி இல்லை. முடியாவிட்டால் அந்தச் சான்றிதழையே வைத்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், உறவினர் பிரமாணப் பத்திரங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம். எதுவும் போதாத கட்டத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாமே என்று அவர்களே சொல்வதுண்டு, அந்த அளவுக்கு உங்கள் விஷயம் போகாது.

அம்மாவின் பிறப்பு வேறு கதை. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் கிராமத்தில் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லாதது சகஜம், இது தூதரகத்துக்கும் தெரியும். பிறந்த ஊருக்கான நகராட்சி அல்லது தாலுகா அலுவலகத்தில் "பதிவு இல்லை" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அதோடு அம்மா பிறந்தது தெரிந்த இரண்டு பேரின் பிரமாணப் பத்திரம். 64 வயது அம்மா பிறந்ததை நேரில் அறிந்தவர் என்றால் எண்பதை நெருங்கும் பெரியம்மாவோ தாய்மாமாவோதான் இருப்பார். யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள், கையெழுத்து போடும் நிலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டு, ஐ-130 ஒப்புதல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்குச் சாட்சியே இல்லாமல் போயிருக்கிறது.

பெற்றோர் திருமணம் பதிவாகியிருக்காது என்று ஊகிக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதிவு செய்யலாம், இருவரும் நேரில் போக வேண்டும். பரணில் கல்யாணப் பத்திரிகை இருந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள், மஞ்சள் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை.

பண விஷயம். நீங்கள் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்து போட வேண்டும். வருமானம் அரசு நிர்ணயிக்கும் வறுமைக் கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். நீங்கள், கணவர், ஒரு குழந்தை, பெற்றோர் இருவர் என்று ஐந்து பேருக்கு 2025 கணக்கில் அது 47,062 டாலர். உங்கள் வீட்டில் அது பிரச்சினையாக இருக்காது, கணவர் வருமானத்தையும் சேர்க்கலாம். அதைவிட இந்தக் கையெழுத்து எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது முக்கியம்: அவர்கள் சிட்டிசன் ஆகும் வரை, அல்லது நிரந்தரமாக வெளியேறும் வரை, அல்லது பத்தாண்டு வேலைக்கணக்கு சேரும் வரை, அல்லது இறக்கும் வரை. உங்களுக்கு வேலை போனாலும் அது நிற்காது.

அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது, மகள்கள் பேசத் தயங்குவது. கிரீன் கார்டு வாங்கியவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர் பென்ஷன், வைப்பு நிதி வட்டி, வாடகை, இந்தியாவில் வரியே இல்லாத நெல் வருமானம்கூட. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியாக ஒரு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், விட்டால் அபராதம் கடுமை. ஓய்வுபெற்ற காசை நாலு வங்கியில் பிரித்துப் போட்டிருக்கும் மனிதருக்கு இது முதலிலேயே தெரிய வேண்டும். இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். 65 தாண்டிய அப்பாவுக்கு மெடிகேர் என்ற மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வாங்கும் தகுதி கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகுதான் வரும், அதுவும் இங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாததால் மாதப் பிரீமியம் கட்டி. அதுவரை தனியார் காப்பீடு, எழுபது வயதுக்கான பிரீமியம் என்ன என்று நியூ ஜெர்சியின் காப்பீட்டுச் சந்தையில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர்கள் "ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே இருந்துக்கிறோம்" என்றால், அவர்களுக்கு கிரீன் கார்டு வேண்டாம் என்பேன். அது நீண்ட டூரிஸ்ட் விசா இல்லை, இங்கே குடியிருப்பவருக்கான அட்டை. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால் கேள்வி வரும், ஒரு வருடம் தாண்டினால் அட்டையே நுழையப் பயன்படாது. இங்கே இருக்கும்போதே மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போனால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. காவிரிக்கரை வீட்டை விட்டு வர மனமில்லாத பெற்றோருக்கு 2029 வரை உள்ள விசாவே இதைவிடச் சௌகரியம், அதை மறுபடி புதுப்பிக்கவும் செய்யலாம். ஆனால் ஐ-130 போட்டுவிட்டால் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும், விசா கிடைப்பது அப்போது கடினமாகும். அதனால்தான் முதலில் கேளுங்கள் என்கிறேன். போட்டுவிட்டுக் கேட்டால் அந்த வாசல் பாதி மூடியிருக்கும்.

அவர்கள் நிஜமாகவே வந்து வாழத் தயார் என்றால் இரண்டு ஐ-130-ஐயும் ஒரே நாளில் போடுங்கள், ஒருவருக்கு முன்னால் வந்து ஒருவர் காத்திருக்கும் நிலை வராமல் இருக்க அது உதவும். தம்பிக்கும் தங்கைக்குமான எஃப்4 மனுக்களைத் தனியாக, அவர்களிடம் மேலே உள்ள கணக்கைக் காட்டிய பிறகு போடுங்கள். அவர்களும் அடிக்கடி விசிட் விசாவில் வர நினைப்பவர்கள் என்றால் அந்த "ஆம்" அவர்களுக்கும் பொருந்தும். எஃப்4 மனுவில் அவசரம் ஒன்று உண்டு: வரிசையில் உங்கள் இடம் யுஎஸ்சிஐஎஸ் மனுவைப் பெற்ற தேதியிலிருந்துதான் எண்ணப்படும், ஆகவே வேண்டும் என்று முடிவு செய்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் முதல் பக்கம், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்புங்கள். எங்கெங்கே பிரமாணப் பத்திரம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.